அந்த ஒற்றை மாத்திரைச் சீட்டு: பொது மருத்துவர்களுக்கு ஒரு மருந்தாளுநரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது மருத்துவர்களுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். நீங்கள் எழுதியதை எடுத்துக் கொடுப்பதும், எப்போது, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வதும், சேரக்கூடாத இரண்டு மருந்துகள் ஒரே சீட்டில் வந்துவிட்டால் உங்களைத் தொலைபேசியில் அழைத்துத் தொந்தரவு செய்வதும் என் வேலை. உங்கள் அறைக்குள் என்ன பேசப்படுகிறது என்பது எனக்குத் தெரியாது. அந்த அறையிலிருந்து வெளியே வரும் தாளை மட்டுமே நான் பார்க்கிறேன். அந்தத் தாள்களில் ஒரு வகையைப் பற்றித்தான் இந்த மடல்.

ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்குத் தரும் சில்டெனாபில் அல்லது டடாலபில் மாத்திரை எழுதிய சீட்டு மற்றச் சீட்டுகளைப் போல வருவதில்லை. நான்காக மடிக்கப்பட்டு, உள்ளங்கையில் வியர்வை பட்டு நைந்து, கடையில் வேறு ஆள் இல்லாத நேரத்தில், தேவையே இல்லாத ஓர் இருமல் மருந்தோடு சேர்த்துக் கேட்கப்பட்டு மேசைக்கு வரும். விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அந்த ஒரு மருந்துதான் இருக்கும். சாதாரணக் காய்ச்சலுக்குத் தரும் சீட்டிலும் மேல் மூலையில் இரத்த அழுத்தத்தைக் குறித்து அனுப்புகிறவர்கள் நீங்கள். இந்தச் சீட்டில் மட்டும் அந்த மூலை காலியாக இருக்கும். சர்க்கரை பார்க்கவும், கொலஸ்ட்ரால் பார்க்கவும் என்ற வரியும் இருக்காது. கூச்சம் நோயாளிக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். இத்தனை ஆண்டுகள் இந்தச் சீட்டுகளைப் பார்த்த பிறகு, அந்தக் கூச்சம் மேசையின் இரு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

இதை எழுதத் தூண்டியவர் ஐம்பது வயதைத் தொடாத ஒருவர். அவர் கொண்டுவந்த சீட்டில் ஐந்து மருந்துகள் இருந்தன: ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ள நைட்ரோகிளிசரின். இந்த ஐந்தும் ஒன்றாக வந்தால் என்ன நடந்தது என்று எந்த மருந்தாளுநருக்கும் யாரும் சொல்ல வேண்டியதில்லை. மருந்துகளை உறைகளில் போட்டுக் கொடுத்த பிறகும் அவர் நகரவில்லை. பின்னால் யாரும் இல்லை என்பதைத் திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, "சார், முன்பு வாங்கிய அந்த மாத்திரை வீட்டில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் வகை மருந்து கையில் இருக்கும்வரை அதைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும் என்று சொன்னேன். மாரடைப்புக்குச் சிகிச்சை தந்த இடத்தில் இந்த மாத்திரையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் போன பிறகு கணினியில் பழைய பதிவுகளைப் பார்த்தேன். என் கடையில் அந்த மாத்திரையை அவர் முதன்முதலாக வாங்கி 26 மாதங்கள் ஆகியிருந்தன. அந்த முதல் சீட்டை எழுதிய மருத்துவர் அவருடைய கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கவில்லை, நாளொன்றுக்கு எத்தனை சிகரெட் என்று கேட்கவில்லை என்பதை அடுத்த முறை வந்தபோது அவரே சொன்னார். பழியை முழுவதும் அந்த மருத்துவர்மேல் போடும் தகுதி எனக்கில்லை. 26 மாதங்களில் எத்தனையோ முறை அவருக்கு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்த நானும் கேட்கவில்லை.

விறைப்புக் குறைபாட்டுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு நீங்கள் படித்ததுதான். ஆனாலும் நானே மறந்துபோயிருந்ததால், அதை முழுமையாக ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். விறைப்பு என்பது முதலில் ஓர் இரத்தக்குழாய் நிகழ்வு. நரம்பு முனைகளும் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அதனால் மென்தசைகள் தளர்கின்றன. தமனிகள் விரிந்து பஞ்சு போன்ற திசுவுக்குள் இரத்தம் பாய்கிறது. திசு வீங்கி, வெளியேற வேண்டிய சிரைகளை உறையோடு அழுத்தி மூடுகிறது. எண்டோதீலியம் எனப்படும் அந்த உட்சுவர், ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம். புகை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகிய அனைத்தும் முதலில் கைவைப்பது அந்தப் படலத்தில்தான். அது பழுதானால் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விரிவதில்லை. அந்தப் படலம் உடம்பு முழுவதும் ஒன்றே. ஆணுறுப்பில் ஒன்று, இதயத்தில் வேறொன்று என்று இல்லை.

அப்படியானால் ஏன் ஓரிடத்தில் முன்பும் இன்னோரிடத்தில் பின்பும் தெரிகிறது? இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் முன்வைத்த விளக்கம் எளிமையானது. ஆணுறுப்பின் தமனிகளின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனிகளுக்கு 3 முதல் 4. கழுத்து வழியாக மூளைக்குச் செல்லும் தமனிக்கு 5 முதல் 7. தொடைத் தமனிக்கு 6 முதல் 8. நோய் எல்லாக் குழாய்களிலும் ஒரே வேகத்தில் வளர்ந்தாலும், சிறிய குழாய்தான் முதலில் திணறும். அதே குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நெஞ்சுவலியோடு வந்து, இதயத் தமனி நோய் ஆஞ்சியோகிராமில் உறுதியான 300 ஆண்களைக் கேட்டுப் பார்த்தார்கள். 147 பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அவர்களில் 99 பேருக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அது இதயத்தின் அறிகுறிக்கு முன்பே தொடங்கியிருந்தது. சராசரி இடைவெளி ஏறக்குறைய 39 மாதங்கள். என் வாடிக்கையாளரின் 26 மாதங்களை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மனிதரின் புகைப்பழக்கத்தை நிறுத்த, அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தைத் தொடங்க இரண்டு, மூன்று ஆண்டுகள் போதுமா என்ற கேள்விக்கு என்னைவிட நீங்கள் நன்றாகப் பதில் சொல்வீர்கள்.

நெஞ்சுவலியோடு வந்தவர்களிடம் பின்னோக்கிக் கேட்ட கணக்கு இது என்று நீங்கள் சொல்லலாம், சரியான ஆட்சேபணைதான். முன்னோக்கிப் பார்த்த கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவில் புரோஸ்டேட் புற்றுநோய்த் தடுப்புக்காக நடந்த பெரிய ஆய்வொன்றில், மருந்தற்ற மாத்திரை பெற்ற பிரிவில் 55 வயதைக் கடந்த ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியிட்ட முடிவின்படி, விறைப்புக் குறைபாடு இருந்தவர்களுக்குப் பிற்பாடு இதய, இரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு 1.45 மடங்கு இருந்தது. புகைபிடிப்பதற்கோ குடும்பத்தில் மாரடைப்பு இருப்பதற்கோ நாம் தரும் எடைக்கு அது ஏறத்தாழ நிகர். அந்த இரண்டு கேள்விகளையும் எல்லா நோயாளிகளிடமும் தயங்காமல் கேட்கிறோம். மூன்றாவதைக் கேட்பதில்லை.

வயதைப் பற்றியும் ஒரு சொல். "வயதானால் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பப்பட்ட பலர் என்னிடம் வருகிறார்கள். எழுபதில் அந்தப் பதிலை ஓரளவு மன்னிக்கலாம். நாற்பதில் மன்னிக்கவே முடியாது. அமெரிக்காவின் ஓம்ஸ்டெட் மாவட்டத்தில் 1402 ஆண்களைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எழுபதைக் கடந்தவர்களிடையே குறைபாடு இருந்தவர், இல்லாதவர் என்ற இரு பிரிவுக்கும் இதயத் தமனி நோயின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நாற்பதுகளில் இருந்தவர்களுக்கோ, குறைபாடு இல்லாதபோது ஆயிரம் மனித ஆண்டுகளுக்கு (ஆயிரம் பேரை ஓராண்டு கவனிப்பதற்கு நிகரான அளவு) 0.94 ஆக இருந்த விகிதம், குறைபாடு இருந்தபோது 48.52. அந்த வயதில் குறைபாடு உள்ளவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் ஐம்பது மடங்கு என்ற எண்ணை அப்படியே தூக்கிப் பிடிக்கக் கூடாது. ஆனாலும் அது சுட்டும் திசையில் சந்தேகமில்லை. வயது குறையக் குறைய இந்த அறிகுறியின் கனம் கூடுகிறது. நடைமுறையில் நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது: இளையவருக்கு "மன அழுத்தம், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு மாத்திரை அட்டையைத் தருகிறோம், முதியவருக்குத்தான் எல்லாப் பரிசோதனையும் எழுதுகிறோம்.

மனம் காரணமாகவே இருக்கக்கூடாதா? இருக்கலாம். திடீரென்று ஒரு நாளில் தொடங்கி, சில சூழல்களில் மட்டும் வந்து, விடியற்காலை விறைப்பு பழையபடியே இருக்கும் ஒருவருக்குக் குழாய்களைவிட மனத்தைச் சந்தேகிப்பது நியாயம். மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்து, காலை விறைப்பும் போய்விட்டவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. இந்த வேறுபாட்டை அறிய இரண்டு கேள்விகள் போதும். புரோஸ்டேட் அறுவை, தண்டுவடக் காயம், டெஸ்டோஸ்டிரோன் குறைவு, சில மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மனம் காரணம் என்று முடிவு செய்தாலும் அழுத்தம் பார்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

மாத்திரையைப் பற்றி, அது என் தொழில் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன். சில்டெனாபில் முதலில் இதய நெஞ்சுவலிக்காகத்தான் சோதிக்கப்பட்டது. அந்த வேலையில் அது சோபிக்கவில்லை, பக்கவிளைவுதான் புகழ் பெற்றது. 1998 மார்ச்சில் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு, இரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் ஒரே ஆண்டில் செய்தியாயின. ஆனால் மக்கள் நினைவில் மாத்திரை தங்கிவிட்டது, இரத்தக்குழாய் தங்கவில்லை.

அந்த மாத்திரை நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குவதில்லை. நைட்ரிக் ஆக்சைடின் விளைவாக உருவாகும் தூதுப்பொருளை உடைக்கும் பிடிஇ5 என்ற நொதியைத் தடுத்து, இருப்பதைக் கொஞ்சம் நீட்டித்துத் தருகிறது. குழாயில் படிந்த கொழுப்பை அது தொடுவதில்லை. உட்சுவர் மிகவும் பழுதாகிவிட்டால் நீட்டித்துத் தரவும் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் "முன்பு வேலை செய்தது, இப்போது செய்வதில்லை, பெரிய அளவில் கொடுங்கள்" என்று ஒருவர் வரும்போது இப்போதெல்லாம் என் கை அலமாரிக்குப் போவதற்கு முன் நின்றுவிடுகிறது. வயிறு நிறையக் கொழுப்புள்ள உணவு சாப்பிட்டுவிட்டுச் சில்டெனாபில் போடுவதாலும், மாத்திரை போட்டால் தூண்டுதல் இல்லாமலேயே எல்லாம் நடந்துவிடும் என்று நினைப்பதாலும் பலன் கிடைக்காமல் போவதும் உண்டு. அதை முதலில் விசாரிக்கிறேன். அதில் தவறில்லை என்றால், அளவைக் கூட்டும்முன் அவர் மறுபடியும் உங்கள் அறைக்கு வர வேண்டும். தயவுசெய்து தொலைபேசியிலேயே "நூறு கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் அறையில் பேசப்படாத பேச்சு வேறு வழிகளில் வெளியே வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். உயர் இரத்த அழுத்தத்துக்கும் கொலஸ்ட்ராலுக்கும் ஒரே சீட்டில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர், ஒரு மாதத்திலிருந்து கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் கேட்பார். "பிரஷர் மாத்திரை வீட்டில் இருக்கிறது" என்பார். இருக்கிறது என்பது உண்மைதான். அவர் அதைச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அந்த மாத்திரைதான் தன் குறைக்குக் காரணம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பழைய பீட்டா தடுப்பான்கள் சிலவற்றிலும் தயசைடு வகை நீரிறக்கிகளிலும் அதற்கு ஓரளவு வாய்ப்பும் உண்டு. மருந்தை எழுதும்போதே "இப்படி ஏதாவது தோன்றினால் நிறுத்தாமல் என்னிடம் வாருங்கள், மாற்றித் தருகிறேன்" என்று நீங்கள் ஒரு வரி சொல்லியிருந்தால் அவர் இரகசியமாக நிறுத்தியிருக்க மாட்டார். இன்னும் சிலர் உங்களிடமும் வராமல், என்னிடமும் வராமல், 'இயற்கை' என்று எழுதிய டப்பாக்களை எங்கிருந்தோ வாங்குகிறார்கள். அவற்றில் பலவற்றுள் பெயர் சொல்லாமல் சில்டெனாபில் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நைட்ரேட் சாப்பிடும் ஒருவர் தான் என்ன விழுங்குகிறோம் என்று அறியாமலே அதை விழுங்குகிறார்.

சர்க்கரை நோயாளிகளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். மற்றவர்களைவிடப் பத்து, பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே அவர்களுக்கு இந்தக் குறைபாடு வருகிறது. அவர்களுக்குத்தான் நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரும் ஆபத்தும் கூடுதல். வலி என்ற மணி அடிக்காத உடம்பில், இது ஒன்றுதான் அடித்த மணியாக இருக்கலாம். பாதத்தைப் பார்க்கிறீர்கள், கண்ணைப் பார்க்கச் சொல்லி அனுப்புகிறீர்கள். அதே மூச்சில் இதையும் கேட்டுவிடுங்கள்.

கேட்பது எப்படி என்பதில் சொல்லுக்குப் பங்கு உண்டு. நம் மொழியில் இதற்கு வழங்கிவரும் 'ஆண்மைக்குறைவு' என்ற சொல் ஒரு நோயின் பெயராக இல்லாமல் ஒரு மனிதனைப் பற்றிய தீர்ப்பாக இருக்கிறது. ஆங்கிலத்திலும் இதற்கு இணையான ஒரு சொல் இருந்தது. 1992-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மருத்துவர் குழு அதைக் கைவிடச் சொன்னது. 'விறைப்புக் குறைபாடு' என்று சொல்லிப் பாருங்கள், இன்னும் எளிதாக, "இந்த வயதில் இரத்தக்குழாய் அடைக்கத் தொடங்கினால் சிலருக்கு விறைப்பு குறையும், உங்களுக்கு அப்படி உண்டா?" என்று கேளுங்கள். கேள்வி குழாயைப் பற்றியதாக மாறியதும் எதிரில் இருப்பவரின் தோள்கள் தளர்வதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். வாய்திறக்கத் தயங்குபவர் கையில் ஐந்து கேள்விகள் கொண்ட ஐஐஇஎஃப்-5 தாளைக் கொடுத்துவிடலாம். மொத்தம் 25 மதிப்பெண்ணில் 21 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைபாடு உண்டு என்று பொருள்.

இதைச் சேர்த்தாலும் இதய ஆபத்துக் கணக்கீடுகளின் துல்லியம் பெரிதாகக் கூடவில்லை என்று சில ஆய்வுகள் சொல்வதை அறிவேன். புகை, அழுத்தம், சர்க்கரை எல்லாம் ஏற்கெனவே கணக்கில் இருந்தால் புதிதாகக் கூடுவது குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் 2017-இல் வெளியான பிரிட்டனின் கியூரிஸ்க்3 கணக்கீடு இதைச் சேர்த்துக்கொண்டது. என் வாதம் அந்தக் கணக்கைச் சார்ந்ததும் இல்லை. ஐம்பது வயது ஆண், உடம்பு நன்றாக இருக்கும்போது பரிசோதனைக்கென்று தானாக உங்களிடம் வருவதில்லை. இந்த ஒரு குறைக்காக வருகிறார். கொலஸ்ட்ராலைப் பற்றி அதுவரை ஒரு நாளும் கவலைப்படாதவர், அன்று நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கும் மனநிலையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அந்த மாத்திரையை முதன்முறை எழுதும் நாளில் இரு கைகளிலும் அழுத்தம் பாருங்கள். இடுப்புச் சுற்றளவை எடுங்கள். புகை, குடும்ப வரலாறு, நடக்கும்போது கெண்டைக்காலில் வலி ஆகியவற்றைக் கேளுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு அளவுகள், காலை நேர டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றுக்கு எழுதுங்கள். நைட்ரேட் உண்டா என்று கேட்டுச் சீட்டிலேயே குறியுங்கள். நெஞ்சில் இறுக்கமோ மிகுந்த மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடிகளை வேகமாக ஏற முடிகிறதா என்று விசாரியுங்கள். முடியாதவருக்கு மாத்திரைக்கு முன் இதய மருத்துவரின் கருத்து வேண்டும். மாரடைப்பு வந்தவர்களைப் பராமரிக்கும் மருத்துவர்களுக்கும் ஒன்று: வீட்டுக்கு அனுப்பும் நாளில் பழைய மாத்திரை உண்டா என்று நீங்களே கேட்டுவிடுங்கள். சில்டெனாபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலபில் போட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பதை அவசரச் சிகிச்சைப் பிரிவில் நோயாளி தானாக முன்வந்து சொல்லமாட்டார்.

மாத்திரையை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நல்ல மருந்து. பல வீடுகளில் பேச்சை மீட்டுத் தந்திருக்கிறது. கூடவே இன்னொன்றையும் எழுதலாம். இத்தாலியில் உடற்பருமனும் விறைப்புக் குறைபாடும் கொண்ட 110 ஆண்களை இரு பிரிவாக்கி இரண்டு ஆண்டுகள் கவனித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் உடற்பயிற்சியையும் விரிவாகக் கற்றுக்கொடுத்து எடை குறைக்க வைத்த 55 பேரில் 17 பேருக்கு விறைப்பு இயல்புக்குத் திரும்பியது. பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற 55 பேரில் மூவருக்கே திரும்பியது. "இதயத்துக்கு நல்லது, நடங்கள்" என்றால் நடக்காதவர், இந்தக் காரணத்தைச் சொன்னால் நடப்பார். அனுபவத்தில் சொல்கிறேன்.

என் பக்கத்தில் செய்யக்கூடியதைத் தொடங்கிவிட்டேன். மேசைக்குப் பக்கத்தில் ஒரு தடுப்பும், அதற்குப் பின்னால் ஒரு நாற்காலியும், இரத்த அழுத்தக் கருவியும் வைத்திருக்கிறேன். அந்தச் சீட்டோடு வருபவரை முதலில் அங்கே உட்காரவைக்கிறேன். சென்ற வாரம் வந்தவருக்கு 44 வயது. முதல் முறை 168-க்கு 104. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து மறுபடி பார்த்தபோது 164-க்கு 102. இரண்டையும் நேரத்தோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி, மாத்திரையைக் கொடுக்காமல், முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் உங்களில் யாரிடம் வருவார் என்பது எனக்குத் தெரியாது. அந்தத் துண்டுத் தாளில் அழுத்தம் மட்டுமே இருக்கும். என்ன வாங்க வந்தார் என்பதை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார், நான் எழுதவில்லை. அதை நீங்கள்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்